எடுத்த உடலும் கொடுத்த உடலும்

(திருமுருகன்பூண்டி தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நமது பூண்டி சிற்பிகளின் ஊர். தோளும் முழங்காலும் எப்படி வளைகின்றன என்பதைச் சிற்பி உயிருள்ள மனிதரைப் பார்த்தே கற்றுக்கொள்கிறார். ஆனால் வைத்தியருக்குத் தோலின் மேலே பார்த்தால் போதாது. மெஷினில் சிக்கிய கையைக் காப்பாற்ற வேண்டுமானால், எந்த நரம்பு எங்கே ஓடுகிறது, எந்த ரத்தக் குழாயைப் பிடித்துக் கட்ட வேண்டும் என்பது அவர் விரலுக்கே தெரிந்திருக்க வேண்டும். படத்தை மட்டும் பார்த்து இதைக் கற்க முடியாது. ஆகவேதான் வைத்தியக் கல்லூரியில் முதல் வருஷத்திலேயே மாணவர்கள் இறந்தவர் உடலை அறுத்துப் படிக்கிறார்கள்.

அந்த உடல் யாருடையது? இதுதான் நமது கேள்வி.

1828-ல் எடின்பரோ நகரத்தில் பர்க், ஹேர் என்ற இருவர் 16 பேரைக் கொன்று, பிணங்களை உடற்கூறு ஆசிரியர் ஒருவருக்கு விற்றார்கள். உலகம் அதிர்ந்தது. 1832-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் சட்டம் கொண்டுவந்தது. என்ன சட்டம்? தரும விடுதியில் செத்து, கேட்பாரற்றுக் கிடக்கும் ஏழையின் உடல் அறுவை மேஜைக்குப் போகலாம் என்ற சட்டம்! பிணத் திருட்டு ஒழிந்தது. ஏழையின் பிணம் சட்டப்படி கிடைத்தது.

நம் தேசத்திலே, 1836-ல் கல்கத்தாவில் மதுசூதன் குப்தா ஜாதித் தடையை மீறி மனித உடலை அறுத்துக் காட்டினார். அது விஞ்ஞானத்தின் வெற்றி. ஆனால் இங்கேயும் மேஜைக்கு வந்தவர் ஏழைதான். நமது ராஜ்யத்தின் 1951-ம் வருஷச் சட்டமும் கேட்பாரற்ற உடல்களைக் கல்லூரிக்குத் தர வழி செய்கிறது. அது இன்றும் நடப்பில் உள்ளது. 1985-ல் சர்க்கார் தடை போடும் வரை, நம் ஏழைகளின் எலும்புக் கூடுகள் கப்பலேறி அந்நிய நாட்டுக் கல்லூரிகளுக்குப் போயின. லாபம் தரகனுக்கு!

"செத்த பிறகும் ஏழையை விடமாட்டார்களா?" என்று ஜனங்கள் கேட்கிறார்கள். கேட்பது நியாயம். அதற்காக வைத்தியக் கல்வியை நாம் வெறுக்கலாமா? கூடாது. கேளாமல் எடுப்பது வேறு. மனமுவந்து கொடுப்பது வேறு. முன்னது அநீதி; பின்னது தானம்.

23 ஆண்டுகள் மேற்கு வங்க முதல்வராயிருந்த தோழர் ஜோதிபாசுவின் உடல் 2010-ல் கல்கத்தா அரசு ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கப்பட்டது. 2024-ல் தோழர் புத்ததேவ் பட்டாச்சார்யாவும், சென்னையில் பிறந்த தோழர் சீதாராம் யெச்சூரியும் அவ்வாறே மாணவர்களுக்குப் பாடமானார்கள். கேட்பாரற்றவன் மட்டுமே கிடந்த மேஜையில், லட்சோப லட்சம் பேர் வணங்கிய தலைவர்களும் கிடந்தார்கள்.

2022 முதல் நம் திருப்பூரிலும் அரசு வைத்தியக் கல்லூரி இருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இடம் 2020-ல் சட்டமாயிற்று. பனியன் தொழிலாளியின் மகளும் டாக்டராக வழி பிறந்திருக்கிறது. அவளுக்கு முதல் ஆசான் நம்மில் ஒருவராக இருக்கட்டுமே!

"கொள்ளி வைக்காவிட்டால் ஊர் என்ன சொல்லும்?" என்று ஒரு அம்மா கேட்டார். அம்மா, இதில் கட்டாயமே இல்லை. மனம் ஒப்பாதவர் கொடுக்க வேண்டாம். ஒப்புகிறவர் சாட்சிகளோடு படிவத்தில் கையெழுத்திட வேண்டும். அது மட்டும் போதாது. இறந்தபின் கல்லூரிக்குச் சொல்லி ஒப்படைக்க வேண்டியவர்கள் வீட்டார்தான். ஆகவே இன்றிரவே வீட்டில் பேசுங்கள். விபத்தில் இறந்து பிரேத பரிசோதனையான உடலைப் பொதுவாக ஏற்கமாட்டார்கள். கண்களை ஆறு மணி நேரத்துக்குள் தானம் செய்யலாம்.

இன்னொரு கடமையும் உண்டு, தோழர்களே! பீகாரிலிருந்தும் ஒரிஸாவிலிருந்தும் வந்த தொழிலாளர் நம்மோடு உழைக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இறந்தால், ஊர் விலாசம் தெரியாத ஒரே காரணத்தால் அவர் "கேட்பாரற்றவர்" ஆகிவிடுவார். ஒவ்வொரு தோழரின் விலாசமும், வீட்டாரின் போன் நம்பரும் சங்க நோட்டில் இருக்க வேண்டும். அவருக்காகக் கேட்க நாம் இருக்கிறோம்!

நம் உடலை நாம் கொடுப்போம். நம் தோழன் உடலைக் கேளாமல் எடுக்க விடமாட்டோம்!