துருவ ஒளிக்குப் பேராதனையில் ஒத்திகை



பேராதனையில் விடிய விடியக் கண்விழித்திருந்தாலும் துருவ ஒளி தெரியப்போவதில்லை. சூரியப் புயலில் கிளர்ந்தெழும் மின்னேற்றத் துகள்களைப் பூமியின் காந்தப்புலம் வட, தென் துருவப் பக்கங்களுக்கே வழிநடத்துகிறது. அங்கே மேல்வளியில் அவை மோதும்போதுதான் வானம் ஒளிர்கிறது. காந்த மத்தியகோடோ நம்முடைய தீவை ஒட்டிப் போகிறது. அந்த ஒளிக்கு இதைவிடத் தூரமான ஊரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

ஆனால் நம்மவர்கள் அந்த ஒளிக்குக் கீழேயே இருக்கிறார்கள். 1980களிலும் 90களிலும் இலங்கைத் தமிழர் பலர் நோர்வேயின் வடகோடியான பின்மார்க்கில் மீன் பதனிடும் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். துருவ ஒளியின் முதல் ஒளிப்படம் 1892 ஜனவரியில் எடுக்கப்பட்டதும் அதே பின்மார்க்கில், பொசெகொப் என்ற ஊரில்தான். எடுத்தவர் மார்ட்டின் பிரெண்டல் என்ற ஜெர்மானியர். 1910இல் கார்ல் ஸ்டோர்மர் என்ற நோர்வே அறிஞர் அதே இடத்துக்குப் போனார். ஒன்றுக்கொன்று தூரமான இரண்டு இடங்களில் கமராக்களை வைத்து, தொலைபேசியில் சொல்லிச் சொல்லி ஒரே கணத்தில் படம்பிடித்து, அந்த ஒளி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்தார். கீழ் விளிம்பே ஏறக்குறைய 100 கிலோமீற்றர்!

அங்கே உறவினரைப் பார்க்கப் போகிறவர், கையில் ஒரு கமராவும் இருந்தால், டைம்லாப்ஸ் எடுத்துவர ஆசைப்படுவார். அவருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: துருவ ஒளியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இங்கேயே பழகிக்கொண்டு போங்கள். உறைகுளிரில், கையுறைக்குள் விரல் விறைத்துப்போன நேரத்தில், எந்தப் பொத்தான் எங்கே என்று தேட முடியாது.

டைம்லாப்ஸ் என்பது கமராவை முக்காலியில் அசையாமல் நிறுத்தி, ஒரே இடைவெளியில் நூற்றுக்கணக்கான படங்களை எடுத்து, பிறகு வேகமாக ஓட்டிக் காட்டுவது. கணக்கு சுலபம். செக்கனுக்கு 25 படம் என்றால், 10 செக்கன் காட்சிக்கு 250 படம் வேண்டும். 8 செக்கனுக்கு ஒரு படம் எடுத்தால் 2000 செக்கன். அரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேல்.

ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டரை எவ்வளவு நேரம் திறந்து வைப்பது? இங்கேதான் புதியவர்கள் தடுமாறுவார்கள். துருவ ஒளியின் பச்சை நிறமும் சிவப்பும் ஒட்சிசன் அணுக்கள் தருபவைதான். பச்சைக்கு, தூண்டப்பட்ட அணு ஒரு செக்கனுக்குள் ஒளியை விட்டுவிடுகிறது. ஆகவே பச்சைத் திரை துள்ளி ஓடும். சிவப்புக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். அவ்வளவு நேரம் மோதல் இல்லாமல் அணு தப்பியிருப்பது காற்று மிக மெலிந்த, 200 கிலோமீற்றருக்கு மேலான உயரத்தில்தான். அதனால் சிவப்பு மெதுவாகப் பரவி நிற்கும். துள்ளும் பச்சைக்கு 2 முதல் 5 செக்கன் போதும். 20 செக்கன் திறந்து வைத்தால் மடிப்புகள் எல்லாம் கரைந்து வெறும் பச்சைக் கறைதான் மிஞ்சும். மங்கலான சிவப்புக்கு 15, 20 செக்கன் கொடுக்கலாம்.

அந்தச் சிவப்பைக் காண நோர்வே வரை போகவும் தேவையில்லாத ஓர் இரவு வந்தது. 2024 மே 10ஆம் திகதி, 2003க்குப் பிறகு வந்த மிகப் பெரிய காந்தப் புயலின்போது, லடாக்கின் ஹன்லேயில் உள்ள இந்திய வானியல் நிலையத்தின் கமராக்கள் வடக்கு அடிவானத்தில் செந்நிற ஒளியைப் பதிவு செய்தன. ஹன்லே ஏறக்குறைய 4500 மீற்றர் உயரம், சுற்றிலும் இருட்டு. ஒளி உண்மையில் நின்றது வெகு வடக்கே. மிக உயரத்தில் இருந்ததால் மட்டுமே மேற்பகுதி அங்கே எட்டிப் பார்த்தது.

சரி, பேராதனைக்கு வருவோம். ஜனவரி முதல் மார்ச் வரை இங்கே மழை குறைவு. ஹந்தானைச் சரிவில் நின்றால் விடியற்காலையில் மகாவலிப் பள்ளத்தாக்கில் மூடுபனி ஏறி இறங்குவதைப் பார்க்கலாம். கண்ணுக்கு அசையாததுபோல் இருக்கும். 6 செக்கனுக்கு ஒரு படம் எடுத்து ஓட்டினால் பாற்சட்டி பொங்குவதுபோல் இருக்கும். துருவ ஒளிக்கு இதைவிட நல்ல ஒத்திகை எனக்குத் தெரியவில்லை. இருட்டு கலையுமுன் நட்சத்திரங்களிலும் பழகலாம். அகன்ற லென்ஸ், எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ. 1600 அல்லது 3200. தானியங்கிக் குவியத்தை அணைத்துவிட்டு, பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெருப்பித்து, அது சிறு புள்ளியாகும்வரை வளையத்தைக் கையால் திருப்ப வேண்டும். வெள்ளைச் சமநிலையையும் ஒரே அளவில் நிறுத்திவிடுங்கள். தானியங்கியில் விட்டால் படத்துக்குப் படம் நிறம் மாறி, ஓட்டும்போது காட்சி மினுங்கும். லென்ஸில் பனி படிவதையும் பாருங்கள். இந்த விஷயத்தில் பேராதனை கொஞ்சமும் இரக்கம் காட்டாது.

பயணத்தை யூலையில் வைத்துவிடாதீர்கள். அப்போது பின்மார்க்கில் நடுநிசியிலும் சூரியன் நிற்கும். செப்டெம்பர் முதல் மார்ச் வரைதான் காலம். குளிரில் பற்றரி சீக்கிரம் இறங்கிவிடும். மேலதிகப் பற்றரிகளை உடம்போடு ஒட்டிய உட்பையில் வையுங்கள்.

வீட்டுக்கு வந்து படங்களைக் கோக்கும்போது நிறத்தைக் கூட்டிக் கூட்டி ஊதாவையும் பச்சையையும் பொங்கவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. மங்கலான துருவ ஒளி வெறுங்கண்ணுக்குச் சாம்பல் நிற மேகம்போலவே தெரியும். கமரா ஏற்கனவே நம்மைவிட அதிகம் பார்த்துவிடுகிறது. அதற்கு மேலும் சாயம் பூசுவது எனக்கு உடன்பாடில்லை. இன்னொன்று: கமராவைக் குளிரிலிருந்து நேரே சூடான அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். வெளியிலேயே ஒரு பொலித்தீன் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டி, உள்ளே இரண்டு மணித்தியாலம் அப்படியே விட்டால் ஈரம் பையின் மேல்தான் படியும். படங்களைப் பார்க்க அவசரமாக இருந்தால், மெமரி கார்டைப் பையில் போடுமுன்பே கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள்.