பேரிங் போச்சுன்னா பழி யார் மேல?

இன்னைக்கு ஒரு துருப்பிடிச்ச பேரிங்கோட கதை.

சைக்கிள் சக்கரத்துல பேரிங் பார்த்திருப்பீங்க. ரெண்டு வளையம், நடுவில உருளுற குண்டுகள். இரும்பு ஆலையிலும் அதே சங்கதிதான். ஆனா குண்டுக்குப் பதிலா தடிமனான உருளைகள். சில பேரிங்கைத் தூக்கவே கிரேன் வேணும். மேலே டன் கணக்கில் பாரம், பக்கத்துல செக்கச்செவேல்னு இரும்பு, அதுமேல பீய்ச்சுற தண்ணி. ஒரு பேரிங் இறுகினா மொத்த லைனும் நின்னுடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல, எங்க ரோலிங் மில்லில் ஒரே இடத்துல மூணு தடவை பேரிங் போச்சு. வருஷக்கணக்கில் ஓட வேண்டியது, மாசக்கணக்கில் முடிஞ்சது. ஒவ்வொரு தடவையும் புதுசு மாட்டுவோம், பழசை ஸ்கிராப்ல போடுவோம். மூணாவது தடவை, "கிரீஸ் அடிக்கிறவர் ஒழுங்கா அடிக்கல"ன்னு முடிவு கட்டிட்டாங்க. அவர் ஒப்பந்தத் தொழிலாளி. அவருக்கு மெமோ எல்லாம் கிடையாது, நேரா வேலையே போயிடும்.

அப்போ ஒரு சீனியர் ஃபிட்டர் ஸ்கிராப்லேர்ந்து அந்த பேரிங்கை எடுத்துட்டு வந்தார். "கழுவாதே, முதல்ல பாரு"ன்னார். உள்ளே கிரீஸ் நிறையவே இருந்துச்சு. ஆனா பால் மாதிரி வெளுத்திருந்தது. அதாவது, தண்ணி கலந்திருக்கு.

துடைச்சுப் பார்த்தா, வெளி வளையத்துல கறுப்பா கோடுகள். சம இடைவெளி. உருளைக்கும் உருளைக்கும் எவ்வளவு தூரமோ, அதே தூரம். ஓடும்போது அரிச்சிருந்தா இப்படி வரிசையா விழாது. நிக்கும்போது, உருளை உட்கார்ந்த இடத்துலதான் தண்ணி தேங்கி அரிச்சிருக்கு.

எப்போ நிக்குது? வாராந்திர ஷட்டவுன்ல. அன்னைக்குத்தான் ஹோஸ் வெச்சு எல்லாத்தையும் கழுவுவோம். சூடான பேரிங் ஆறும்போது உள்ளே இருக்கிற காத்து சுருங்கும்; தேஞ்ச சீல் வழியா ஈரத்தை இழுத்துக்கும். நாங்க சீலை மாத்தவே இல்ல.

அப்புறம் சீல் மாத்தினோம். அந்தப் பக்கம் ஹோஸ் காட்டுறதை நிறுத்தினோம். ஷட்டவுனுக்கு முன்னாடி, ரோலர் சுத்தும்போதே புது கிரீஸ் ஏத்தினோம். அந்த இடத்துல பிரச்சினை நின்னுது. அந்த அண்ணனோட வேலையும் தப்பிச்சது.

பேரிங் சேதத்தை வகைப்படுத்த ஐஎஸ்ஓ 15243னு ஒரு தரநிலையே இருக்கு. களைப்பு, தேய்மானம், அரிப்பு, மின் அரிப்பு, நசுங்கல், விரிசல்னு ஆறு வகை. வெல்டிங் கரண்ட் உள்ளே பாய்ஞ்சா ஒரு தடம், சுத்தியலால அடிச்சு மாட்டினா வேற தடம்.

மெதுவா சுத்துற ரோலர்ல அதிர்வு ரொம்பக் குறைவு, அதனால சென்சார்ல சிக்காம போகலாம். கிரீஸ் சாம்பிள் காட்டிக்கொடுக்கும்.

அதனால, போன பேரிங்கை உடனே தூக்கிப் போடாதீங்க. எந்த இடம், எந்தத் தேதின்னு சீட்டு எழுதிக் கட்டி வைங்க. ஆள் மேல பழி போடுறதுக்கு முன்னாடி, அதைப் பிரிச்சுப் பாருங்க.