நிலைத்த புள்ளியும் திரியும் உருவும்

   

பழவேற்காடு ஏரியைச் சூழ்ந்த மீனவக் குப்பங்களில் மார்கழி மாதத்து விடியலில் வாசல் தெளித்துக் கோலமிடும் பெண்களைக் காணலாம். முதலில் புள்ளிகள், பின்னர் அவற்றைச் சுற்றி வளைந்து செல்லும் கோடு. சிக்குக் கோலத்தின் கோடு புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வந்து முடிகிறது. அளவுகோல் இல்லை, கவராயம் இல்லை, ஆயினும் நான்கு பக்கங்களும் ஒன்றையொன்று ஒத்து நிற்கின்றன. அதே கோலத்தைக் கணிப்பொறியில் வரையப் புகுவோர், எல்லாக் கருவிகளும் கையிலிருந்தும், கடைசி வளைவு முதல் வளைவோடு சேராமல் திகைப்பதுண்டு. அப்பெண்ணுக்குக் கைகூடியது இவர்களுக்கு ஏன் கைகூடவில்லை? எதை மாற்றுவது என்று எண்ணுமுன், எதை மாறாமல் நிறுத்துவது என்று அவள் முடிவு செய்துவிடுகிறாள். துல்லியம் என்பதன் உட்பொருள் இதுவே ஆகும்.

கணிப்பொறியில் படம் இருவகையாக அமைகிறது. ஒளிப்படம் நிறப்புள்ளிகளின் கூட்டம், பெரிதாக்கினால் சிதையும். மற்றொன்று திசையன் வரைகலை. அதில் படம் என்பது, கோடு எங்கே தொடங்கி எவ்வாறு வளைந்து எங்கே முடிகிறது என்னும் விதிகளின் தொகுப்பு. 1963-இல் அமெரிக்காவில் ஐவன் சதர்லாந்து உருவாக்கிய 'ஸ்கெட்ச்பேட்' இத்துறைக்கு முன்னோடி. வரைந்த உருவைப் படியெடுக்கவும் சுழற்றவும் அளவு மாற்றவும் அதில் இயன்றது. 2003-இல் தோன்றி, யாவரும் விலையின்றிப் பயன்படுத்தத்தக்க 'இங்க்ஸ்கேப்' என்னும் மென்பொருளில் உருமாற்றத்திற்கென ஒரு தனிப் பலகம் உண்டு. அதில் ஐந்து பிரிவுகள்: நகர்த்தல், அளவு மாற்றல், சுழற்றல், சாய்த்தல், அணி. முதல் நான்கையும் ஐந்தாவதாகிய அணி ஆறே எண்களில் அடக்கிவிடுகிறது. கணித நூலார் எண்களின் நிரையை 'அணி' என்கின்றனர். இலக்கண நூலாரோ சொல்லும் பொருளும் கொள்ளும் அழகினை 'அணி' என்கின்றனர். இவ்வொற்றுமை தற்செயலானதே எனினும் சுவையானது.

உருமாற்றத்தை எண்ணி வகுப்பது தமிழுக்குப் புதிதன்று. சொல்லும் சொல்லும் புணரும்போது நேரும் விகாரங்களைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக வகுத்தது நன்னூல். மரமும் வேரும் சேர்ந்து மரவேர் ஆகும்போது மகரம் கெடுகிறது, பொருள் கெடுவதில்லை. மாற்றத்தினூடே எது மாறாதிருக்கிறது என்று காண்பதே அவ்விலக்கணத்தின் நோக்கமும் ஆகும்.

இனி, கோலத்தைக் கணிப்பொறித் திரையில் வரைந்து பார்க்கலாம். நான்கு புறமும் ஒத்த கோலத்தில் கால் பங்கினை மட்டும் வரைந்தால் போதும். எஞ்சிய மூன்று பங்கும் அதன் படிகள். ஒவ்வொன்றும் முந்தியதினின்று 90 பாகை சுழன்றது. சுட்டியால் இழுத்துக் கண்ணளவாகச் சுழற்றுவோர் 90-க்கு மாறாக 89 பாகை சுழற்றினால் முதற்படியில் பிழை தெரியாது. மூன்றாம் படி 270-இல் நிற்பதற்கு மாறாக 267-இல் நிற்கும். மையத்திலிருந்து 10 சென்டிமீட்டர் தொலைவில் அந்த 3 பாகை, 5 மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட இடைவெளியாகிவிடுகிறது, கோடு அறுகிறது. ஆகவே கோணத்தை எண்ணாக எழுதித் தருவதே முறை.

எண் சரியாக இருந்தும் கோலம் பிழைபடுவதுண்டு. சுழற்சியின் மையம் எது என்பதே அடுத்த வினா. தனியே விட்டால் மென்பொருள், வரைந்த கால் பங்கின் நடுவையே மையமாகக் கொள்ளும். கோலத்தின் நடுவை அது அறியாது. உருவை இருமுறை சொடுக்கினால் தோன்றும் சிறு கூட்டல் குறியை இழுத்துச் சென்று கோலத்தின் நடுவில் பொருத்த வேண்டும். அக்குறி 1 மில்லிமீட்டர் விலகினால், 180 பாகை சுழன்ற படி 2 மில்லிமீட்டர் விலகி விழும். வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசை வைத்தால் மையம் ஒரு புள்ளியின் மேல் அமையும். நான்குக்கு நான்கு வைத்தாலோ மையம் வெற்றிடத்தில் இருக்கிறது. எந்தப் புள்ளியும் இல்லாத அவ்விடத்தைச் சுற்றியே கோலம் முழுவதும் சுழல்கிறது. கவிதையிலும் சொல்லப்படாத ஒன்றே மையமாவதைக் கவிஞர்கள் அறிவர்.

நகர்த்தலும் அவ்வாறே. இங்க்ஸ்கேப்பின் பழைய பதிப்புகளில் தொடக்கப்புள்ளி தாளின் கீழ் இடது மூலையில் இருந்தது. 2020-இல் வெளிவந்த 1.0 பதிப்பிலிருந்து அது மேல் இடது மூலைக்கு மாறிற்று. முன்பு உருவை மேலே ஏற்றிய அதே எண் இப்போது கீழே இறக்குகிறது. எங்கிருந்து அளப்பது என்று தெரியாதவரை எண்ணுக்குப் பொருளில்லை.

பழவேற்காட்டின் பழம்புகழே நகர்த்தலில் பிறந்ததுதான். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் இங்கே கெல்திரியாக் கோட்டையை அமைத்துத் துணி வணிகம் நடத்தினர். கட்டமிட்ட கைக்குட்டைத் துணிக்கு இவ்வூரின் பெயரே ஆங்கிலத்தில் வழங்கலாயிற்று. ஒரு கட்டத்தைச் சம இடைவெளியில் நகர்த்தி நகர்த்திப் படியெடுப்பதே அத்துணியின் வடிவம். இழை எண்ணிக்கை ஓரிடத்தில் தவறினால் கட்டம் முழுவதும் கோணும்.

ஏரியின் வாழ்வோ சுழற்சியில் நிலைபெற்றது. கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடூர் மாதாகுப்பம் முதலிய ஊர்களில் வழங்கும் 'பாடு' முறையில், வலை வைக்கும் இடங்கள் சீட்டுக் குலுக்கி முறை வைத்துப் பகிரப்படுகின்றன. எல்லா இடத்திலும் இறால் ஒன்றுபோல் கிட்டாது. ஆதலின் எவரும் ஓரிடத்தையே பற்றி நிற்பதில்லை. ஆள் மாறுகிறார், இடம் மாறுகிறது. பங்கின் நேர்மை மாறாமல் நடுவே நிற்கிறது. அம்மையம் நழுவினால் முறை குலையும் என்பதைக் குப்பத்தார் எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மென்பொருளில் மற்றொரு தேர்வும் உண்டு. பல உருக்களை ஒருசேரத் தெரிவு செய்து சுழற்றும்போது, கூட்டம் முழுவதும் ஒன்றாகச் சுழல வேண்டுமா, ஒவ்வொன்றும் தன்னிடத்திலேயே தனித்துச் சுழல வேண்டுமா என்று அது கேட்கிறது. கூட்டம் சுழன்றால் இடங்கள் மாறும். தனித்துச் சுழன்றால் இடங்கள் மாறா. இவ்வேறுபாட்டைத் தமிழ்ப்புலவர் நெடுங்காலத்திற்கு முன்பே ஆண்டுள்ளனர். மூன்றாம் திருமுறையில் திருஞானசம்பந்தர் அருளிய திருமாலைமாற்று, முன்னிருந்து படிப்பினும் பின்னிருந்து படிப்பினும் ஒன்றாகவே வருவது. அங்கே திரும்புவது எழுத்துகளின் வரிசை, எழுத்து திரும்புவதில்லை. கண்ணாடியில் காட்டினால் எழுத்தும் சேர்ந்து திரும்பிப் படிக்கவியலாது போகும். சுழற்சியும் கண்ணாடித் திருப்பமும் வேறு வேறு. வலமாக முறுகும் சிக்குக் கோலத்தை எத்தனை முறை சுழற்றினாலும் அது வலமாகவே முறுகும். கண்ணாடியில் திருப்பினால் இடமாக முறுகும்.

அளவு மாற்றலிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. உருவைப் பெரிதாக்கும்போது கோட்டின் தடிமனும் பெருக வேண்டுமா என்பதை மென்பொருள் வரைபவரின் விருப்பத்திற்கு விடுகிறது. கோலமிடுபவள் இதற்கு முன்பே விடை சொல்லிவிட்டாள். பெரிய வாசலுக்கு அவள் கோட்டைத் தடிப்பாக்குவதில்லை, புள்ளிகளைக் கூட்டுகிறாள். விரலிடுக்கில் வழியும் மாவின் அளவு மாறுவதில்லை.

இவ்வறிவை அறிவியல் உலகம் காணாமல் இருந்துவிடவில்லை. சென்னைக் கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர், கோலங்களைப் பிறப்பிக்கும் இலக்கணம் பற்றிய ஆய்வினை 1974-இல் வெளியிட்டனர். கோலத்திற்கு 'இலக்கணம்' உண்டு என்று கணிதவியலார் கூறியதைத் தமிழ் பயில்வோர் எண்ணிப் பார்த்தல் தகும். திருக்குறளைப் பழைய எழுத்து வடிவங்களில் கணிப்பொறி வழியே அமைத்துக் காட்டியவரும் அதே கிஃப்ட் சிரோமணியே.

இங்கே ஒரு கவலையும் எழுகிறது. வாசற்கோலத்தை ஒளிப்படம் எடுத்து, அதன் விளிம்பைத் தானாகத் தடம் பிடிக்கும்படி மென்பொருளுக்கு ஆணையிட்டால் நொடியில் திசையன் படம் கிடைக்கும். பார்வைக்கு அது கோலமே. உள்ளேயோ புள்ளி இல்லை, மையம் இல்லை, கால் பங்கும் அதன் சுழற்சியும் இல்லை; ஒழுங்கற்ற வளைவுகளின் கூட்டம் மட்டுமே உண்டு. அதைக் கொண்டு வேறொரு கோலம் இட முடியாது. உரு காக்கப்பட்டது, உருவாக்கும் அறிவு காக்கப்படவில்லை. குப்பங்களின் கோலங்களைத் தொகுக்க முன்வருவோர், கோலமிடுபவளின் அருகமர்ந்து, எத்தனை புள்ளி, எங்கே தொடக்கம், எப்பக்கம் திருப்பம் என்று கேட்டறிந்து, அவ்வரிசையிலேயே வரைந்து வைத்தல் வேண்டும். யாப்பறியாமல் பாட்டைப் படியெடுப்பவர் சீர் பிரித்துக் கெடுப்பதை ஏடு பதிப்பித்தவர்கள் கண்டிருக்கின்றனர். கோலத்திற்கும் அந்நிலை நேரலாகாது.

வாசற்கோலம் மாலைக்குள் காலடியில் அழியும். மறுநாள் விடியலில் வேறொன்று பிறக்கும். அழிவதற்கு அஞ்சாமல் அவள் இடுவது, புள்ளியும் மையமும் நெஞ்சில் நிலைத்திருப்பதால்தான். பத்தாண்டுகளாகக் கவிதையைத் தன் மையமாகக் கொண்டு வரும் இவ்விலக்கிய வட்டத்திற்கும் அந்நிலைபேறு வாய்க்க வேண்டும் என்பதே இவ்வுரையின் வாழ்த்து.