தண்ணியா, வேலையா? இந்தக் கேள்வியே தப்புங்க!

நல்லூரில் நடைபெற்ற நீர்நிலை பாதுகாப்புத் தெருமுனைக் கூட்டத்தில், நமது தகவல் தொழில்நுட்ப அணித் தன்னார்வலர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான். முழுசாகப் படியுங்கள், பகிருங்கள்.

---



மேடையில இருக்கற கட்சி நிர்வாகிகளே, பெரியவங்களே, ஷிஃப்ட் முடிச்சு டிபன் பையோட அப்படியே வந்து நிக்கற அக்காங்களே, அண்ணங்களே... எனக்கு மைக் புதுசு. வழக்கமா நான் போன்ல போஸ்டர் டிசைன் பண்ணிட்டு உக்காந்திருக்கற ஆளு. "நீ இன்ஜினியரிங் படிச்சவன்தானே, சாயத் தண்ணி பத்தி நீயே பேசு"ன்னு அண்ணன் சொல்லிட்டாரு. அதனால வந்துட்டேன்.

சாயத் தண்ணின்னு வாய் திறந்தாலே திருப்பூர்ல ஒரு கேள்வி வரும். "அப்ப கம்பெனிய எல்லாம் மூடிரலாமா? வேலைக்கு எங்க போறது?"

இந்தக் கேள்வி எனக்குப் புதுசு இல்லைங்க. எங்க வீட்டுக்குள்ளயே இருந்த கேள்வி இது.

எங்கப்பா சாயப்பட்டறையில விஞ்ச் ஓட்டுனவரு. எங்க அம்மா ஊரு ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம். எங்க அப்புச்சி அங்க விவசாயி. புரியுதுங்களா? ஒரு பக்கம் சாயப்பட்டறை, இன்னொரு பக்கம் அந்தத் தண்ணியில தோட்டம் போன குடும்பம். ரெண்டு பேரும் தீபாவளிக்கு ஒரே இலை வரிசையில உக்காந்து சாப்பிடுவாங்க.

2011 ஜனவரி 28. அன்னைக்குத்தான் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாய, சலவை ஆலைகளை மூடச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. 700-க்கும் மேல ஆலைங்க. நான் அஞ்சாவது படிச்சுட்டு இருந்தேன். அப்பா தினமும் காலையில சட்டைய மாட்டிட்டு கேட் வரைக்கும் போய்ப் பாத்துட்டுத் திரும்பி வருவாரு. ஒரு மாசம் அப்படியே போச்சு. அப்புறம் லோடு ஏத்தப் போனாரு. அந்த வருசம் எங்க அம்மா செக்கிங்ல வாங்குன சம்பளத்துலதான் வீடு ஓடுச்சு.

அந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தோம். அப்பா மனசுல இருந்தத கேட்டே விட்டுட்டாரு: "ஏனுங் மாமா, உங்க ஊர்க்காரங்க கேஸ் போட்டுத்தான எங்க பொழப்பு போச்சு?"

அப்புச்சி ரொம்ப நேரம் பேசல. அப்புறம் சொன்னாரு: "மாப்ள, உங்களுக்கு வேலை போயி ஒம்பது மாசமாச்சுங். என்ற கெணத்துக்கு வேலை போயி பதினஞ்சு வருசமாச்சுங்."

அதுக்கப்புறம் யாரும் பேசல.

எங்கப்பா பக்கம் தப்பு இல்ல. அப்புச்சி பக்கமும் தப்பு இல்ல. அப்படின்னா தப்பு எங்க? அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

அணை கட்டுனது எதுக்கு, ஆனது என்ன?

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில பொறந்து, கோயமுத்தூர், திருப்பூர் தாண்டி, கரூர் மாவட்டத்துல காவிரியில கலக்குற ஆறு. அதுக்குக் குறுக்க, சென்னிமலைக்குப் பக்கத்துல 1992-ல கட்டுனதுதான் ஒரத்துப்பாளையம் அணை. ஈரோடு, கரூர் பக்கம் விவசாயத்துக்குத் தண்ணி தேக்கறதுக்காக மக்கள் காசுல கட்டுன அணைங்க அது.

கட்டுன கொஞ்ச வருசத்துலயே அதுல தேங்குனது சாயத் தண்ணி. அணைக்குத் தண்ணி வந்தா விவசாயி சந்தோசப்படணும். இங்க விவசாயிங்களே "மதகத் திறக்காதீங்க, அந்தத் தண்ணி எங்க காட்டுக்கு வேண்டாம்"னு போராடுனாங்க. தேங்கி நின்ன தண்ணி பூமிக்குள்ள இறங்கிச் சுத்து வட்டாரக் கெணறு, போர் எல்லாத்தையும் உப்பாக்கிருச்சு. கடைசியில அணையில தண்ணியத் தேக்கவே கூடாது, திறந்தே வைக்கணும்கற நிலைமை வந்துச்சு. தண்ணி தேக்கறதுக்குக் கட்டுன அணை, தண்ணி தேக்காம இருந்தாத்தான் நல்லதுன்னு ஆயிருச்சு.

வில்லன் கலர் இல்லைங்க, உப்பு

இது பல பேருக்குத் தெரியாத விசயம். ஆத்துல சிவப்பா, நீலமா ஓடுனா நமக்குக் கோவம் வருது. தண்ணி தெளிவா இருந்தா "பரவால்ல, சுத்தம் பண்ணிட்டாங்க"ன்னு நினைச்சுக்கறோம். அங்கதான் ஏமாந்தோம்.

பருத்தித் துணியத் தண்ணியில போட்டா அதுக்கு நெகட்டிவ் சார்ஜ். நாம போடற சாயத்துக்கும் நெகட்டிவ் சார்ஜ். ரெண்டும் ஒண்ணையொண்ணு தள்ளும். நடுவுல உப்பு போட்டாத்தான் சாயம் நூல்ல ஏறும். கருப்பு, நேவி ப்ளூ மாதிரி அடர் கலருக்கு ஒரு லிட்டர் தண்ணிக்கு 60, 80 கிராம் உப்பு போடுவாங்க. கடல் தண்ணியிலயே லிட்டருக்கு சுமார் 35 கிராம்தான். அப்படின்னா நம்ம விஞ்ச்சுக்குள்ள இருந்தது கடலைவிட ரெண்டு மடங்கு உப்புத் தண்ணி!

வேலை முடிஞ்சதும் என்ன ஆகும்? சாயத்துல பெரும்பங்கு துணியோட போயிரும். உப்பு மொத்தமும் தண்ணியோட வெளிய வந்துரும்.

அந்தக் காலத்துல சுத்திகரிப்புன்னு பண்ணுனது, சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்ஃபேட்டும் போட்டுக் கலரை அடியில படிய வைக்கறது. கலர் போகும். உப்பு ஒரு பொட்டு குறையாது. கண்ணுக்குத் தெளிவாத் தெரிஞ்ச அந்தத் தண்ணிதான் கெணத்தைக் கொன்னுச்சு. வெளிய விடற தண்ணியில கரைஞ்ச உப்பு, அதாவது டிடிஎஸ், லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல போகக் கூடாதுன்னு விதி. குடிக்கற தண்ணிக்கு 500 வரைக்கும் நல்லது, வேற வழியே இல்லைன்னா 2,000 வரைக்கும். விதியெல்லாம் புத்தகத்துல இருந்துச்சு.

சட்டம் இல்லாம போகல. சட்டத்தை நடத்தல.

வருச வரிசையா சொல்றேன், கேளுங்க.

1989: அரசாணை எண் 213. நொய்யல் உள்பட முக்கிய ஆறுகள்ல இருந்து 1 கிலோமீட்டருக்குள்ள அதிக மாசு பண்ற ஆலைங்க புதுசா வரக் கூடாதுன்னு சொல்லுச்சு. அணை கட்டறதுக்கு மூணு வருசம் முன்னாடியே!

1996: வேலூர் பக்கம் பாலாத்தைத் தோல் ஆலைங்க கெடுத்த வழக்குல, "மாசு பண்ணுனவன்தான் அதுக்கான விலையைக் கொடுக்கணும்"னு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லுச்சு. இன்னைக்கு இந்தியா முழுக்க எடுத்துக் காட்டற தீர்ப்பு நம்ம தமிழ்நாட்டு விவசாயிங்க பட்ட பாட்டுல வந்ததுங்க. இழப்பீடு கணக்குப் போட ஒரு ஆணையமும் வந்துச்சு. அந்த ஆணையம் 2004-ல நொய்யல் பகுதியில 28,596 பேருக்கு சுமார் 24.79 கோடி ரூபாய் இழப்பீடுன்னு சொல்லுச்சு. வகுத்துப் பாருங்க. சராசரியா ஒரு ஆளுக்கு ஒம்பதாயிரம் ரூபாய்கூட வராது. ஒரு கெணத்தோட விலையா அது?

2006 டிசம்பர்: நொய்யல் பாசன விவசாயிங்க சங்கம் போட்ட வழக்குல உயர் நீதிமன்றம் கெடு வச்சுச்சு. 2007 ஜூலை 31-க்குள்ள ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளிய போகக் கூடாது. அதுவரைக்கும் வெளிய விடற லிட்டருக்கு 6 பைசா, அப்புறம் 8, அப்புறம் 10 பைசா அபராதம்.

2009 அக்டோபர்: உச்ச நீதிமன்றம் இன்னும் மூணு மாசம் கொடுத்துச்சு.

2011 ஜனவரி: மூடு.

1989-ல இருந்து 2011 வரைக்கும் 22 வருசம். இந்த 22 வருசத்துல ஆட்சிங்க மாறுச்சு, அதிகாரிங்க மாறுனாங்க. ஒவ்வொரு தடவையும் "இன்னும் கொஞ்சம் டைம் குடுங்க"தான். அந்த டைம்ல ஏற்றுமதி கோடிக் கணக்குல வளந்துச்சு. கெடு முடிஞ்ச அன்னைக்கு யார் தலையில விழுந்துச்சு? எங்கப்பா தலையில.

முதலாளி சில பேர் வெளி மாநிலத்துக்குத் துணிய அனுப்பிச் சாயம் போட்டு ஆர்டரை ஓட்டுனாங்க. சில பேர் பக்கத்து மாவட்டத்துல திருட்டுத்தனமாப் பட்டறை போட்டு அங்க இருக்கற ஆத்தையும் கெடுத்தாங்க. கேட்டுக்கு முன்னாடி நின்ன தொழிலாளிக்கு ஒரு நாள் சம்பளம் யாராவது கொடுத்தாங்களா? எங்க வீட்டுக்கு வரலைங்க. காண்ட்ராக்ட்ல இருந்த ஆளு, ரிஜிஸ்டர்ல பேரே கிடையாது. யார்கிட்டப் போய்க் கேக்கறது?

அதனாலதான் சொல்றேன்: விதியை 1992-லயே ஒழுங்கா நடத்தியிருந்தா 2011-ல யாருக்கும் வேலை போயிருக்காது. எங்கப்பாவோட வேலைய அப்புச்சி கேஸ் பறிக்கல. கண்டுக்காம விட்ட 22 வருசம்தான் பறிச்சுச்சு.

முடியாதுன்னு சொன்னது முடிஞ்சுதே!

அதுக்கப்புறம் நடந்ததையும் சொல்லணும், இல்லைன்னா நியாயம் இல்ல. "உப்பைப் பிரிக்கவே முடியாது, கட்டுபடி ஆகாது"ன்னு சொன்ன அதே ஊருல, அரசு வட்டியில்லாக் கடனாக 200 கோடி கொடுத்துச்சு. ஆலைக்காரங்களும் காசு போட்டாங்க. இன்னைக்கு 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஓடுது. முதல்ல நுண்ணுயிர் வச்சுச் சுத்தம் பண்றாங்க, அப்புறம் ஆர்.ஓ., மிச்சத்தைக் காய்ச்சி உப்பை எடுத்து மறுபடி சாயத்துக்கே போடறாங்க. வந்த தண்ணியில 90 சதவீதத்துக்கு மேல திரும்பக் கிடைக்குது. இன்னைக்கு வெளிநாட்டு பையர்கிட்ட "எங்க ஊரு ஒரு சொட்டும் வெளிய விடாத ஊரு"ன்னு பெருமையாச் சொல்லி ஆர்டர் வாங்கறோம். விவசாயி போட்ட வழக்குதான் இன்னைக்கு நம்ம விளம்பரம்!

ஆனா எல்லாம் முடிஞ்சுதுன்னு கை தட்டிட்டுப் போயிர முடியாது. சுத்திகரிப்பு நிலையங்கள்ல வேற எதுக்கும் ஆகாத கலப்பு உப்பும் சேறும் மூட்டை மூட்டையாக் குவிஞ்சு கிடக்கு. சுத்திகரிப்புச் செலவை மிச்சம் பிடிக்கறதுக்காக ராத்திரியில, மழை பெய்யற நேரத்துல ஓடையில திறந்து விடற கள்ளப் பட்டறைங்க இன்னும் இருக்கு. மழைன்னா யாருக்கும் தெரியாதுன்னு ஒரு தைரியம்.

நம்ம கையில இன்னும் ஒரு குளம் இருக்கு

ஊத்துக்குளி ரோட்டுல, சர்க்கார் பெரியபாளையத்துல நஞ்சராயன் குளம். எத்தனை பேர் போயிருக்கீங்க? 125 ஹெக்டேருக்கு மேல. தமிழ்நாட்டோட 17-ஆவது பறவைகள் சரணாலயம். 2024 ஆகஸ்ட்டுல ராம்சர் பட்டியல்ல, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்கள் பட்டியல்ல சேந்துச்சு. இமயமலையைத் தாண்டிப் பறந்து வர்ற பட்டைத்தலை வாத்து நம்ம திருப்பூருக்கு வருதுங்க!

அந்தக் குளத்துக்குத் தண்ணி நல்லாத்து ஓடை வழியா வருது. ஓடைக்கு ஊருக்குள்ள இருந்து என்ன வருதோ, அதுதான் குளத்துக்கும் போகும். ராம்சர் சர்டிபிகேட்டைக் காட்டுனா சாக்கடையும் சாயமும் திரும்பிப் போயிராது. ஒரத்துப்பாளையத்தை நாம விட்டுட்டோம். நஞ்சராயனை விடக் கூடாது.

நாம கேக்கறது என்ன?

1. ஒவ்வொரு சுத்திகரிப்பு நிலையத்தோட அளவீடும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மட்டும் தெரிஞ்சா பத்தாது. தினமும், தமிழ்ல, வார்டு வாரியா மக்கள் பாக்கற மாதிரி போர்டுல போடணும்.

2. நொய்யல்ல கலக்கற ஓடைங்கள்லயும், நல்லாத்துலயும் டிடிஎஸ் பாக்கற கருவி வைக்கணும். முக்கியமா மழை ராத்திரியில.

3. குவிஞ்சு கிடக்கற கலப்பு உப்புக்கு ஒரு பாதுகாப்பான வழி, தேதி போட்டுச் சொல்லணும்.

4. இதுதான் ரொம்ப முக்கியம். மாசு பண்ணி ஒரு ஆலைய மூடுனா, மூடியிருக்கற நாளுக்கு அங்க வேலை செய்யற எல்லாருக்கும், காண்ட்ராக்ட் ஆளுங்களுக்கும் சேத்து, முதலாளி சம்பளம் கொடுக்கணும். இது பேராசை இல்லைங்க. 1996-ல டெல்லியில 168 அபாயகரமான ஆலைங்க மேல உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டப்ப, இடம் மாத்தற காலத்துல தொழிலாளிக்குச் சம்பளம் கொடுக்கணும்னு சேத்தே சொல்லுச்சு. டெல்லித் தொழிலாளிக்குச் சொன்ன நியாயம் திருப்பூர்த் தொழிலாளிக்கு ஏன் இல்ல?

நாம செய்யறது என்ன?

டிடிஎஸ் மீட்டர் பேனா சைஸ்ல, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. ஒரு தெருவுக்கு ஒண்ணு வாங்குவோம். உங்க போர்லயும் பக்கத்து ஓடையிலயும் வாரம் ஒரு தடவை பாத்து, தேதி போட்டு நோட்டுல எழுதுங்க. ஒரு நாள் அளவை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ஆறு மாசம் எழுதுன நோட்டு ஒரு சாட்சி. கலரோ, நாத்தமோ தெரிஞ்சா நேரம், இடம் தெரியற மாதிரி போட்டோ எடுங்க. தண்ணியக் கையில தொடாதீங்க. மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துல எழுத்துல புகார் கொடுத்து ரசீது வாங்குங்க. பதில் வரலைன்னா தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க, 30 நாளுக்குள்ள சொல்லியாகணும். மனு எழுதத் தெரியலைன்னா எங்ககிட்ட வாங்க. எங்க அணிப் பசங்க எழுதித் தருவாங்க. எந்தக் கட்சின்னு கேக்க மாட்டோம்.

கம்பெனியில வேலை செய்யற அண்ணங்களுக்கு ஒண்ணு. ராத்திரி வால்வைத் திறக்கச் சொன்னா, "இது என் வேலைக்கே உலை வைக்கற வேலை"ன்னு மனசுல வையுங்க. 2011 மறுபடி வந்தா கேட்டுக்கு வெளிய நிக்கப் போறது நாமதான்.

எங்கப்பா இன்னைக்கு இந்தக் கூட்டத்துல பின்னாடி நிக்கறாரு. சுத்திகரிப்பு நிலையம் வந்ததுக்கப்புறம் மறுபடி சாய ஆலையிலதான் வேலை. அப்புச்சி இப்ப இல்ல. கெணறு இருக்கு. தண்ணி இன்னும் உப்புதான்.

தண்ணியா, வேலையான்னு இனிமே யாராவது கேட்டா சொல்லுங்க: தண்ணியக் காப்பாத்துனாத்தான் வேலை நிக்கும்!



#நொய்யல்காப்போம் #நஞ்சராயன்குளம் #நல்லூர் #திருப்பூர்