ஒருவழி வாடகைக் கார்

ஓர் ஊரில் எடுத்த வாடகைக் காரை வேறோர் ஊரில் ஒப்படைப்போரிடம் வாங்கப்படும் ஒருவழிக் கட்டணம், அக்காரைப் பழைய இடத்துக்குத் திருப்பிக் கொண்டுவர நிறுவனத்துக்கு ஆகும் செலவின் ஈடாகும். நியூசிலாந்தில் பயணிகள் பலர் வடதீவின் ஆக்லாந்தில் இறங்கித் தெற்கு நோக்கிச் செல்வதால், தென்தீவின் கிறைஸ்ட்சர்ச்சிலும் குயின்ஸ்டவுனிலும் கார்கள் தேங்கிவிடுகின்றன. அவற்றை வடக்கே அனுப்ப ஆள் வைத்துக் கூலி கொடுப்பதைவிட, மிகக் குறைந்த வாடகைக்கு, சில வேளைகளில் இரு தீவுகளுக்கும் இடையிலுள்ள குக் நீரிணையைக் கடக்கும் கப்பல் கட்டணத்தையும் தாமே ஏற்றுக்கொண்டு, பயணியிடமே ஒப்படைப்பது நிறுவனங்களுக்கு ஆதாயமாகிறது. இடமாற்று வாடகை எனத்தக்க இந்த நல்ல ஏற்பாட்டில் நாள்கணக்கு மட்டும் கண்டிப்பானது; ஆற அமரச் சுற்றிப்பார்ப்போருக்கு அது பொருந்தாது. அத்தகையோரும் பயணத்தைத் தெற்கே தொடங்கி வடக்கே முடித்தால், வழக்கமான வாடகையிலேயே ஒருவழிக் கட்டணம் குறையக்கூடும் என்பதால், விமானச்சீட்டு வாங்குமுன்பே இரு திசைகளின் வாடகையையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நலம்.