தேக நிலையும் தோட்டத்து முதுகும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



தேக நிலையும் சுகவாழ்வும் என்பது நமக்குத் தரப்பட்ட பொருள். நிமிர்ந்து நில், நிமிர்ந்து உட்கார் என்று சொல்லிவிட்டு நாமும் உட்கார்ந்துவிடலாம். மிஷன் பாடசாலையில் பயின்ற நாட்களில் இவ்விரு கட்டளைகளையும் நிரம்பவே கேட்டிருக்கிறோம். நெட்டைப் பிள்ளைக்கும் குட்டைப் பிள்ளைக்கும் ஒரே அளவு வாங்குதான். அதில் கூனாமல் எழுதுவது எப்படி என்பதை மட்டும் எவரும் சொல்லித் தரவில்லை.

இத்தாலி தேசத்து வைத்தியர் பெர்னார்டினோ ரமஸ்ஸினி என்பவர் 1700ஆம் ஆண்டில் தொழிலாளரின் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் வைத்தியர் வழக்கமாகக் கேட்பவற்றோடு, அவர் செய்யும் தொழில் யாது என்பதையும் கேட்டறிய வேண்டும் என்பது அவர் கொள்கை. அந்தக் கேள்வியை றொசல்லயிலே கேட்டால், கொழுந்து எடுக்கும் பெண்ணின் முதுகைப் பற்றியே முதலில் பேச வேண்டியவர்களாகிறோம்.

முள்ளந்தண்டிலே கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 என 24 அசையும் என்புகள் உள்ளன. அவற்றின் இடையிடையே கசியிழையத் தட்டுகள் மெத்தை போல அமைந்திருக்கின்றன. இத்தண்டு நேர்கோடன்று. கழுத்தில் முன்னோக்கியும், மார்பில் பின்னோக்கியும், இடுப்பில் மறுபடி முன்னோக்கியும் வளைந்தது. ஆதலால் அணிவகுப்பில் நிற்பது போல விறைத்து நிற்பதும் நல்ல நிலையன்று. இவ்வளைவுகள் கெடாமல், தசைகள் அதிகம் வருந்தாமல் தேகத்தைத் தாங்கும் நிலையே நல்ல நிலை.

இன்னொன்றும் அறிய வேண்டும். வளர்ந்தவர்களுடைய தட்டுகளின் உட்பகுதியில் இரத்தக் குழாய்கள் இல்லை. அமுக்கமும் தளர்வும் மாறி மாறி வந்தால்தான் அவற்றுக்கு நீரும் ஊட்டமும் சேரும். இரவு படுத்தெழுந்த மனிதன் மாலையில் இருந்ததைவிட ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் உயர்ந்திருப்பது இதனாலேயே. சுவீடன் தேசத்து வைத்தியர் அல்ஃப் நாக்கெம்சன் 1960களில் இடுப்புத் தட்டுக்குள் ஊசி செலுத்தி அமுக்கத்தை அளந்தார். படுத்திருக்கையில் அது மிகக் குறைவு, நின்றால் கூடும், முன்னே குனிந்தால் இன்னும் கூடும், பாரத்தோடு குனிந்தால் அதனினும் கூடும்.

இனி மலைக்கு வருவோம். பல தோட்டங்களில் ஒரு நாளுக்கு 18 கிலோ வரை கொழுந்து கேட்கிறார்கள். குறைந்தால் அரைப்பேர். அவ்வளவும் ஒரே தடவையில் முதுகில் ஏறுவதில்லை, இடையிடையே நிறுவை உண்டு என்று சொல்வோர் இருக்கிறார்கள். உண்மைதான். ஆனால் கேடு பாரத்தில் மாத்திரமா இருக்கிறது? கூடைக் கயிறு தலையிலே. கூடை பின்னுக்கு இழுக்க, கழுத்து முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. இரண்டு கைகளும் செடிக்கு மேலே நீண்டபடி. சரிவிலே ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக நிற்பதால் இடுப்பென்பு ஒரு பக்கம் சாய்கிறது. வட்டவளைக்கும் அட்டனுக்கும் நடுவே வாழும் நமக்கு மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நனைந்த கூடையும், நனைந்த படங்கும், வழுக்கும் படியும் சேர்ந்துவிடுகின்றன. இப்படி மணிக்கணக்காக, வருடக்கணக்காக.

முதுமையில் வரும் கூனுக்கெல்லாம் கூடையே காரணம் என்று சாதிக்க நாம் துணியவில்லை. வயதில் என்பு மெலிவதும் உண்டு. போதிய உணவில்லாத தேகத்தில் அது விரைவாகவே வரலாம். என்றாலும் "கிழவிக்கு வயசாச்சு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. அந்த முதுகு என்ன வேலை செய்தது என்று கேட்டாக வேண்டும்.

வீட்டுக்கு வந்தாலாவது முதுகுக்கு ஓய்வு உண்டா? பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பராவில் ஐந்தாறு பேர் படுத்தால் காலை நீட்டுவதே பெரும்பாடு. தரையடுப்பில் குனிந்து சமைப்பதும், பீலியடியில் குனிந்து துவைப்பதும், குடத்தோடு ஏறுவதும் அவளுடைய பங்குதான். அடுப்பை இடுப்பளவு உயர்த்தக் கல்லும் மண்ணும் போதும்; குடத்தைத் தூக்க வீட்டு ஆண்பிள்ளைகள் போதும். இவ்விடத்தில் சகோதரர்கள் சிலர் வேறு பக்கம் பார்ப்பது தெரிகிறது.

இளைஞர்களாகிய நம் கழுத்தையும் மறந்துவிடலாகாது. தலையின் பாரம் சுமார் 5 கிலோ. அதை 60 பாகை முன்னே சாய்த்தால் கழுத்தின்மேல் விழும் பாரம் ஏறக்குறைய 27 கிலோவுக்குச் சமம் என்று அமெரிக்க வைத்தியர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014இல் கணக்கிட்டார். தாய்மாருக்குக் கூடை தவிர்க்க முடியாதது. நமக்குக் கைத்தொலைபேசியைக் கண்ணுக்கு நேரே உயர்த்திப் பிடிக்கத் தடையேதும் இல்லை.

நேபாளத்துச் சுமைகாரரும் நம் தாய்மாரைப் போலவே தலைப்பட்டையில் கூடை சுமப்பவர்கள். பாரமோ நம்முடையதிலும் பன்மடங்கு. ஆனால் அவர்கள் மெல்ல நடந்து, அடிக்கடி நின்று, கையிலுள்ள குறுந்தடியைக் கூடைக்கு அடியில் முட்டுக் கொடுத்து இளைப்பாறுகிறார்கள். நம் முன்னோர் புறப்பட்டு வந்த தமிழ்நாட்டிலும் பாதையோரங்களில் சுமைதாங்கிக் கற்கள் உண்டு. இரண்டு கல்லை நாட்டி, மேலே ஒரு கல்லைக் கிடத்தி வைத்திருப்பார்கள்; பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கவும் ஏற்றவும் ஏற்ற உயரம். கருவுற்றிருக்கையில் இறந்த பெண்ணின் நினைவாக அதை நாட்டும் வழக்கமும் இருந்தது. வயிற்றுச் சுமையோடு போனவளுக்காக, வழியே போகும் அந்நியரின் சுமையை இறக்கி வைத்தார்கள். கண்டியிலிருந்து அட்டன் வரை எத்தனையோ வழக்கங்களைக் கூடவே கொண்டு வந்த நாம், இந்தக் கல்லை ஏன் கொண்டுவரவில்லையோ தெரியவில்லை.

மன்றத்துக்கு நாம் வைக்கும் விண்ணப்பம் இது. மலையிலிருந்து நிறுவைக் கொட்டகைக்கு வரும் குறுக்குப் பாதையில் இரண்டு சுமைதாங்கிகளைச் சிரமதானமாகக் கட்டுவோம். தோட்ட நிர்வாகத்தின் அனுமதியைத் தலைவர் அவர்கள் பெற்றுத் தர வேண்டும். ஆற்றங்கரையில் கல் இருக்கிறது. தூக்க நாம் இருக்கிறோம். உயரத்தை மட்டும் நம் ஊகத்துக்கு விட முடியாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை அளவுநாடாவோடு பாதையடிக்கு வருகிறோம். நெட்டையானவர்களும் குட்டையானவர்களுமாகத் தாய்மார் சிலர் கூடையோடு வந்து நின்று அளவு தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.