எபிசோடு 41: பெயின்ட் அடிச்சா தெரியாது, ஆனா...

போன ரெண்டு எபிசோடும் கோட் ரிவ்யூ, ஆன்-கால், சம்பள உயர்வுன்னு போயிடுச்சு. இந்த வாரம் லேப்டாப்பை மூடி வச்சுட்டு, ஒரு பழைய காரோட நாலு அலாய் வீலைப் பத்திப் பேசப் போறேன். "எங்கிட்ட காரே இல்லையே"ன்னு சொல்றவங்களும் கேளுங்க. உங்க பைக்கிலும் அலாய் வீல்தான் இருக்கும்.

கார் எதுன்னு முதல்ல சொல்லிடறேன். மாஸ்தா எம்எக்ஸ்-5, முதல் தலைமுறை. 1989 பிப்ரவரியில் சிகாகோ ஆட்டோ ஷோவில் அறிமுகமான கார். ரெண்டே ரெண்டு சீட், மடக்குற கூரை, என்ஜின் முன்னாடி, இழுவை பின்சக்கரத்தில். 2016-இல் பத்து லட்சமாவது எம்எக்ஸ்-5 தயாரானது. இந்த வகைக் காரில் வேறெதுவும் இவ்வளவு விற்றதில்லை. நான் இப்போ வேலை பார்க்கறது இங்கிலாந்தில், பர்மிங்ஹாம் பக்கம். இங்கே இந்தக் கார் பழசா, கையில் இருக்கும் காசுக்குக் கிடைக்குது. என்னோடது 1992 மாடல். எனக்கும் அதுக்கும் வயசு வித்தியாசம் கொஞ்சம்தான், அதுதான் மூத்தது.

பெரிய ஆளுங்க சூப்பர்காரில் பவர் தேடுவாங்க. இந்தக் காரோட ரகசியம் எடை. மொத்தக் காரே ஒரு டன்னுக்குள்ளதான். அதோட ஒரிஜினல் அலாய் வீல் 14 இஞ்ச், ஐந்தரை இஞ்ச் அகலம், ஏழு ஸ்போக், ஒவ்வொண்ணும் சுமார் ஐந்தரை கிலோதான். சக்கரம், பிரேக் எல்லாம் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குற எடை. அது குறைவா இருந்தா, ரோட்டில் மேடு பள்ளம் வரும்போது சக்கரம் சட்டுனு ஏறி இறங்கும், டயர் தரையை விடாது. அதனால்தான் "பழசைத் தூக்கிப் போட்டு 17 இஞ்ச் மாட்டு"ன்னு நண்பர்கள் சொன்னப்போ எனக்கு மனசே வரலை. இருக்கறதையே புதுசு பண்ணலாம்னு முடிவெடுத்தேன்.

சரி, அலாய் வீல் ஏன் கெட்டுப்போகுது? அலுமினியம் துருப்பிடிக்காதுன்னு பள்ளிக்கூடத்தில் படிச்சிருப்போம். இரும்பு மாதிரி சிவப்பாப் பிடிக்காது, அவ்வளவுதான். நடைபாதை ஓரக் கல்லில் உரசி, மேலே இருக்கும் லாக்கர் ஒரு இடத்தில் விட்டுப்போச்சுன்னா, அந்த ஓட்டை வழியா தண்ணி உள்ளே போகும். இங்கிலாந்தில் குளிர்காலம் வந்தா பனி உறையாம இருக்க ரோடு பூரா உப்பு கொட்டுவாங்க. உப்புத் தண்ணி லாக்கருக்கு அடியில் புழு மாதிரி ஊர்ந்து போய், வெள்ளைப் பொடியா அரிக்கும். கடற்கரை ஓரமா இருக்கற சென்னை மக்களுக்கு இது புதுசு இல்லை, காற்றிலேயே உப்பு இருக்கு. போதாததுக்கு பிரேக் பேடில் இருந்து சூடா பறக்கும் இரும்புத் துகள் வேற வீலில் ஒட்டிக்கும்.

என்னோட நாலு வீலில் மூணுக்கு இதே கதைதான். நாலாவது வீல்தான் இன்னிக்கு எபிசோடுக்குக் காரணம்.

அந்த வீலில் வாரம் தவறாம காத்து இறங்கிட்டே இருந்தது. டயரில் ஆணி இல்லை, வால்வு நல்லா இருக்கு. டயரைக் கழட்டி, உள்பக்கத்தைச் சோப்பு போட்டுக் கழுவிப் பார்த்தா, உள் விளிம்பில் இருந்து ஒரு தலைமுடி மாதிரி கோடு. கீறலா, விரிசலான்னு கண்ணால் பார்த்துச் சொல்ல முடியலை.

வீல் புதுப்பிக்கும் ஒரு கடைக்கு நாலையும் எடுத்துட்டுப் போனேன். அவர் நல்ல மனுஷன்தான், டீ எல்லாம் கொடுத்தார். கோட்டைப் பார்த்துட்டு, "60 பவுண்டு கூடக் கொடு, வெல்டு பண்ணிடறேன். பவுடர் கோட்டிங் மேலே வந்துட்டா யாருக்கும் தெரியாது"ன்னார்.

அந்தக் கடைசி வார்த்தை எனக்கு உறுத்திட்டே இருந்தது. யாருக்கும் தெரியாதுன்னா, எனக்கும் தெரியாதுதானே? நாளைக்கு அந்த விரிசல் மறுபடி வளர்ந்தா, பெயின்டுக்கு அடியில் அது என்ன பண்ணுதுன்னு நான் எப்படிப் பார்ப்பேன்?

அன்னிக்கு ராத்திரி அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். அப்பா கோயம்புத்தூரில் பம்ப் பாடி வார்க்கிற பவுண்டரியில் முப்பது வருஷம் மோல்டரா இருந்தவர். இந்தக் கார் வாங்கினதே அவருக்குப் பிடிக்கலை. "ரெண்டு பேர் மட்டும் போறதுக்கு எதுக்குக் கண்ணு காரு?"ன்னு கேட்டவர். ஆனா வீலைக் கேமராவில் காட்டினதும் முகமே மாறிடுச்சு. "பக்கத்துல கொண்டு வா. லைட்டைச் சாய்ச்சுப் பிடி."

"விரிசலாங்கப்பா?"

"மண்ணெண்ணெயைத் தடவி அரை மணி நேரம் விடு. நல்லாத் துடைச்சுட்டு, சாக்பீஸ் பொடியைப் பூசு. விரிசல் இருந்தா உள்ள போன எண்ணெய் திரும்பி வெளிய வந்து கோடு போட்டுக் காட்டும். பொய் சொல்லாது."

இந்த முறை பழைய ரயில்வே பட்டறைகளில் அச்சுகளைச் சோதிக்கப் பயன்படுத்தினது. இன்னிக்கு அதையே டை பெனிட்ரன்ட் டெஸ்ட்னு மூணு ஸ்பிரே டப்பாவா விற்கறாங்க: ஒண்ணு சுத்தம் பண்ண, ஒண்ணு சிவப்புச் சாயம், ஒண்ணு வெள்ளை டெவலப்பர். நான் டப்பாவே வாங்கினேன். பெயின்டை உரிச்சு, சாயம் அடிச்சு, பத்து இருபது நிமிஷம் விட்டு, துடைச்சு, வெள்ளையைத் தெளிச்சேன். கொஞ்ச நேரத்தில் வெள்ளை மேல் சிவப்பா ஒரு கோடு எழுந்து வந்தது. கண்ணுக்குத் தெரிஞ்சதைவிட ரெண்டு மடங்கு நீளம். உள் விளிம்பில் ஆரம்பிச்சு ஸ்போக் பக்கமா போய்ட்டிருந்தது.

இனி வெல்டிங் விஷயம். அலாய் வீலுக்கு அதிகம் பயன்படுறது அலுமினியம், சிலிக்கான், கொஞ்சம் மெக்னீசியம் சேர்ந்த ஏ356 மாதிரியான கலவை. வார்த்ததும் அதுக்கு முழு பலம் வந்துடாது. சுமார் 540 டிகிரி செல்சியஸில் மணிக்கணக்கா வச்சு, சட்டுனு தண்ணியில் குளிரவிட்டு, அப்புறம் 150, 160 டிகிரியில் மறுபடி சில மணி நேரம் வைப்பாங்க. டி6-ன்னு பேர். வீலோட பலமே அந்தச் சமையலில்தான் இருக்கு. வெல்டிங் பண்ணும்போது அந்த இடம் 600 டிகிரிக்குப் பக்கத்தில் போய் உருகுது. சுத்தி இருக்கும் உலோகமும் அந்தப் பக்குவத்தை இழக்குது. ஓட்டை அடைபடும், காத்து நிக்கும். ஆனா விரிசலை ஒட்டின பகுதி முன்னைவிட மென்மையா ஆகிடும். அடுத்த பள்ளத்தில் அடி விழப்போறதும் அங்கேதான்.

அப்பா இதை ஒரே வரியில் முடிச்சார்: "அடைக்கலாம் கண்ணு, பலம் வராது. அதை உருக்கப் போட்டுரு."

கஷ்டமா இருந்துச்சு. அந்த நாலு வீலும் 1992-இல் இருந்து ஒண்ணா ஓடினவை. ஒரு வீலை மாத்தினா செட் உடையும்னு ஒரு ஆசை இருக்குமில்ல? ஆனா பக்கத்து சீட்டில் உட்காரப்போறது என் மனைவி. மோட்டார்வேயில் 110 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஆசைக்கு என்ன மதிப்பு? பழைய பாகம் விற்கற ஒருத்தர்கிட்ட இருந்து அதே மாதிரி வீல் 45 பவுண்டுக்கு வாங்கினேன். வெல்டு பண்றதைவிட மலிவு! அதையும் முதல்ல சாயம் போட்டுச் சோதிச்சேன். சுத்தம்.

இப்போ வேலை. நாலையும் வேற ஒரு கடையில் பவுடர் கோட்டிங்குக்குக் கொடுத்தேன். இதில் மூணு விஷயம் கவனிக்கணும்.

ஒண்ணு, சூடு. பவுடர் மின்னூட்டத்தால் வீலில் ஒட்டும். அப்புறம் அடுப்பில் 180 முதல் 200 டிகிரி வரை வச்சு உருக்குவாங்க. டி6-இன் கடைசிக் கட்டம் 150, 160-தான்னு சொன்னேன் இல்லையா? அப்போ இந்த அடுப்பு அதைவிடச் சூடு. பதினஞ்சு, இருபது நிமிஷம்னா பரவாயில்லை. நேரம் கணக்கில்லாம வச்சு, சரியா வரலைன்னு உரிச்சு மறுபடி மறுபடி சுட்டா வீல் மென்மையாகும். "எத்தனை டிகிரி, எத்தனை நிமிஷம்?"னு கேளுங்க. பதில் சொல்லத் தெரியாத கடை வேண்டாம்.

ரெண்டு, பெயின்ட் உரிக்கறது. காஸ்டிக் சோடா பெயின்டை எடுக்கும், கூடவே அலுமினியத்தையும் தின்னும். அலுமினியத்துக்குன்னு இருக்கும் ஸ்ட்ரிப்பர், அப்புறம் மென்மையான துகளில் குறைந்த அழுத்தத்தில் பிளாஸ்டிங், இதுதான் சரி. வார்ப்பில் குட்டிக் குட்டி காத்துக் குழி இருக்கும், அப்பா பாஷையில் பிளோ ஹோல். சூடாகும்போது அதில் இருக்கும் காத்து விரிஞ்சு, பூச்சில் ஊசித் துளை போடும். அதனால் வெறும் வீலை ஒருமுறை சூடாக்கிட்டு அப்புறம்தான் பவுடர் அடிக்கணும்.

மூணு, எங்கே பூசக்கூடாதுங்கறது. நட்டு உட்காரும் கூம்பு வடிவக் குழி, வீல் ஹப்போடு சேரும் தட்டையான பின்பக்கம், இந்த ரெண்டையும் மூடி வச்சுத்தான் பூசணும். ஏன்னா பூச்சு அழுத்தத்தில் நசுங்கும். நசுங்கினா நட்டோட பிடி தளரும். பளபளன்னு இருக்கும் வீல், ஓட ஓட லூஸாகும்.

மாட்டும்போது ஹப்பில் இருக்கும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் எடுத்துட்டு, நட்டுகளைக் குறுக்கு வரிசையில் டார்க் ரெஞ்சால் இறுக்கினேன். இந்தக் காருக்குச் சுமார் 90 முதல் 118 நியூட்டன் மீட்டர். நான் வச்சது 110. ஒரு 80 கிலோமீட்டர் ஓட்டிட்டு மறுபடி சரிபார்த்தேன். பேலன்சிங்குக்கு விளிம்பில் அடிக்கும் கிளிப் வேண்டாம், உள்ளே ஒட்டுற எடை போடச் சொல்லுங்க. இல்லைன்னா புதுப் பூச்சில் முதல் கீறலை அந்தக் கிளிப்பே போட்டுடும்.

ஊரில் இப்போ வர்ற ரெண்டு நிற டைமண்ட் கட் வீல் வச்சிருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பளபளப்பு லேத்தில் மெல்லிசா ஒரு அடுக்கைச் சீவி எடுத்து வர்றது. ஒவ்வொரு முறையும் உலோகம் குறையும். அளவில்லாம பண்ண முடியாது. அடுத்த முறை அரிச்சா, முழுசா ஒரே நிறம் அடிக்கறது வீலுக்கு நல்லது.

மொத்தச் செலவு டயர் கழட்டி மாட்டறது சேர்த்து 390 பவுண்டு. புது டயர் தனி.

அந்த விரிசல் வீல்? அதை இணையத்தில் போட்டிருந்தா, "நான் வெல்டு பண்ணிக்கறேன்"னு யாராவது வாங்கியிருப்பாங்க. நான் ஆங்கிள் கிரைண்டர் எடுத்து விளிம்பை ரெண்டு இடத்தில் வெட்டிட்டுத்தான் பழைய இரும்புக் கடையில் போட்டேன். அப்பாகிட்ட சொன்னேன். "சரியாப் பண்ணினே"ன்னார். அப்புறம் அவரே, "அந்த வண்டில உங்கம்மா உட்கார முடியுமா?"ன்னு கேட்டார். அதுக்கு என்ன அர்த்தம்னு கோயம்புத்தூர்க்காரங்களுக்குத் தெரியும்.

மக்களே, வீல் வாரா வாரம் காத்து இறங்கினா, டயர் கடையில் சீலன்ட் ஊத்திட்டு வந்துடாதீங்க. டயரைக் கழட்டி உள்பக்கம் பார்க்கச் சொல்லுங்க. பத்து நிமிஷ வேலை. உங்க வீலில் என்ன இருந்துச்சுன்னு எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோடில் நல்லதை எல்லாம் போட்டுடறேன். அடுத்த வாரம் மறுபடி லேப்டாப்தான். பார்த்து ஓட்டுங்க.